மூன்று வட்டங்களும் நான்காவது அவுட்டும்

பேஸ்பால் ஸ்கோர் நோட்டில் ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு சிறு கட்டம் உண்டு. கட்டத்துக்குள் மங்கலாக ஒரு சாய்சதுரம் அச்சிட்டிருப்பார்கள். பந்தை அடித்துவிட்டு ஓடும் பேட்டர்தான் ரன்னர்; மைதானத்தில் வரிசையாக இருக்கும் மூன்று பேஸ்களில் அவர் ஒவ்வொன்றாக நகர நகர அந்தச் சாய்சதுரத்தின் பக்கங்களைப் பென்சிலால் அழுத்தி வரைந்துகொண்டே போக வேண்டும். கிளம்பிய இடமான ஹோம் பிளேட்டுக்கே சுற்றிவந்து அதைத் தொட்டுவிட்டால் சாய்சதுரத்தை முழுவதுமாகக் கறுப்பாக்கிவிடுவோம். அது ஒரு ரன். அவுட்டானால் எத்தனையாவது அவுட்டோ அந்த எண்ணை எழுதி வட்டமிடுவோம். 1, 2, 3 என்று மூன்று வட்டங்கள் விழுந்ததும் கட்டத்தின் மூலையில் ஒரு சாய்கோடு இழுத்துவிட்டு, பக்கத்தைப் புரட்டி, அடுத்த அணியை எழுதத் தொடங்கிவிடலாம். 4 என்ற எண்ணை வட்டமிட அந்த நோட்டில் எங்கும் இடமில்லை. அதனால்தானோ என்னவோ, பல ஆண்டுகள் அந்த நோட்டை எழுதிய நான் பேஸ்பாலில் நான்காவது அவுட் என்று ஒன்று இருக்க முடியும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, நாங்கள் வாழும் அமெரிக்கச் சிற்றூரின் பூங்கா மைதானத்தில் சிறுவர் ஆட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. என் மகனுக்கு அப்போது 13 வயது. இரண்டாம் பேஸ் அவன் பொறுப்பு. ஸ்கோர் எழுதுவது பெற்றோர்களில் என் பொறுப்பு. எதிரணி பேட் செய்தது. ஒரு அவுட் ஆகியிருந்தது. இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ரன்னர்கள் நின்றார்கள். பேட்டர் அடித்த பந்து தரையில் படாமல், மார்பு உயரத்தில், விர்ரென்று முதல் பேஸ் பக்கம் பறந்தது. அங்கே நின்ற பையன் அதைப் பிடித்துவிட்டான், இரண்டாவது அவுட். ஆனால் பந்து மட்டையில் பட்ட சத்தம் கேட்டதுமே இரண்டு ரன்னர்களும் ஓடத் தொடங்கிவிட்டார்கள். பிடித்த பையன் ஒரு கணம் திகைத்து நின்று, பிறகு என் மகனிடம் எறிந்தான். மகன் பந்தைக் கையுறையில் வாங்கி, வலது காலால் இரண்டாம் பேஸை ஓங்கி மிதித்தான். அந்த பேஸிலிருந்து கிளம்பிய ரன்னர் திரும்பி வந்து சேரவில்லை, மூன்றாவது அவுட். எங்கள் பக்கத்துப் பெற்றோர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிள்ளைகள் கையுறையைக் கையுறையால் தட்டிக்கொண்டு நிழலுக்கு ஓடினார்கள். கடைசியாக வந்த பையன் பந்தை, பந்தெறியும் பிட்சர் நிற்கும் மேட்டை நோக்கி உருட்டிவிட்டுப் போனான். நான் 3 என்று எழுதி வட்டமிட்டு, ரன் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.

ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்ற முதிய அம்பயர் கம்பி வேலிக்கு அருகே வந்து, அமைதியாக, அந்த ரன்னை எழுதினீர்களா என்று கேட்டார். எந்த ரன் என்று கேட்டேன். மூன்றாம் பேஸில் நின்ற பையன், என் மகன் பேஸை மிதிப்பதற்கு முன்பே ஹோம் பிளேட்டைத் தாண்டிவிட்டான். ஆகவே ரன் செல்லும் என்றார். எங்கள் பையன் கேட்ச் பிடித்த பிறகு அந்த ரன்னர் தன் பேஸுக்குத் திரும்பவே இல்லையே என்றேன். ஆம், திரும்பவில்லை, ஆனால் அதை உங்கள் பிள்ளைகள் யாரும் என்னிடம் கேட்கவில்லை என்றார் அவர். என் அருகே, நாற்பது ஆண்டுகளாக இந்த ஆட்டத்தைப் பார்த்துவரும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் சிவந்து, அப்படி ஒரு விதியே கிடையாது என்று வாதாடினார். எங்கள் பயிற்சியாளரும் அதையே சொன்னார். அம்பயர் மறுபடியும் அதே குரலில், ரன் செல்லும் என்றார். அந்த ஆட்டத்தில் நாங்கள் ஒரு ரன் வித்தியாசத்தில் தோற்றோம். வீடு திரும்பும்போது காரின் பின் இருக்கையிலிருந்து மகன் கேட்டான்: "அப்பா, மூணு அவுட் ஆயிடுச்சே. அப்புறம் எப்படி அவங்களுக்கு ரன்?"

அவனுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் அன்றிரவு விதிநூலை எடுத்து உட்கார்ந்தேன். அதன் பிறகு இந்த ஒரு விதியை விட்டு என்னால் விலக முடியவில்லை.

முதலில் ரன் எப்போது ரன் ஆகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மூன்றாவது அவுட் விழுவதற்கு முன் ஒரு ரன்னர் எல்லா பேஸ்களையும் தொட்டு ஹோம் பிளேட்டையும் தொட்டுவிட்டால் அது ரன். இது பொது விதி. இதற்கு விதிநூல் 5.08 மூன்று விலக்குகளைத்தான் சொல்கிறது: மூன்றாவது அவுட், முதல் பேஸைத் தொடுவதற்கு முன் பேட்டரே அவுட்டாவதாக இருந்தாலோ, ஃபோர்ஸ் அவுட்டாக இருந்தாலோ, முன்னால் ஓடிய வேறொரு ரன்னர் ஒரு பேஸைத் தொடாமல் விட்டதற்கான அவுட்டாக இருந்தாலோ, அவர் எவ்வளவு சீக்கிரம் ஹோம் பிளேட்டைத் தொட்டிருந்தாலும் ரன் கிடையாது. இந்த மூன்றுக்குள் வராத எல்லா மூன்றாவது அவுட்டுகளிலும் ஒரே கேள்விதான்: எது முந்தியது, ரன்னரின் காலா, அவுட்டா? காலம்தான் தீர்ப்பு.

குழப்பத்தின் வேர் 'ஃபோர்ஸ்' என்ற அந்தச் சொல்லில் இருக்கிறது. பேட்டர் பந்தைத் தரையில் அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடும்போது, அங்கே ஏற்கெனவே நிற்பவர் இடத்தைக் காலி செய்தே தீர வேண்டும். ஒரு பேஸில் இரண்டு பேர் நிற்க முடியாது. பின்னாலிருந்து தள்ளப்படுவதால் அவர் போக வேண்டிய பேஸை ஒருவர் பந்தோடு மிதித்தாலே போதும், அவர் அவுட். அதுதான் ஃபோர்ஸ். ஆனால் அடித்த பந்து நேராகக் கைக்குப் போய்விட்டால் பேட்டர் அங்கேயே அவுட். அவர் இனி எங்கும் ஓடப்போவதில்லை. யாரையும் தள்ளப்போவதும் இல்லை. மற்ற ரன்னர்கள் தாங்கள் கிளம்பிய பேஸுக்குத் திரும்பிப் போய்த் தொட வேண்டும். அதற்குள் அந்த பேஸைப் பந்தோடு மிதித்துவிட்டால் அவுட். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான்: கையில் பந்து, காலடியில் பேஸ், வந்து சேராத ரன்னர். அன்று என் மகன் மிதித்ததும் இதுபோலத்தான் இருந்தது. அருகிலிருந்த பெரியவர் நாற்பது ஆண்டுகளாக அதை ஃபோர்ஸ் என்றே நினைத்து வந்திருக்கிறார். ஃபோர்ஸ் என்றால் ரன் கிடையாது என்ற விதி அவருக்குத் தெரியும். ஆகவே இங்கேயும் ரன் கிடையாது என்று அவர் முடிவுகட்டியதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. தொடக்கத்தில் வைத்த பெயர்தான் தவறு.

இந்தத் தவறு எவ்வளவு பரவலானது என்பதற்கு விதிநூலே சாட்சி. அதில் ஜோன்ஸ், ஸ்மித், பிரவுன் என்று மூன்று கற்பனை ஆட்டக்காரர்களை வைத்து ஒரு விளக்கம் இருக்கிறது. ஒரு அவுட், மூன்றாம் பேஸில் ஜோன்ஸ், முதல் பேஸில் ஸ்மித். பிரவுன் உயர அடித்த பந்தை வலப்புற எல்லைக்காரர் பிடித்துவிடுகிறார். ஜோன்ஸ் முறைப்படி காத்திருந்து, பிடித்த பிறகு கிளம்பி, ஹோம் பிளேட்டைத் தொட்டுவிடுகிறார். அவசரப்பட்டு ஓடிய ஸ்மித் முதல் பேஸுக்குத் திரும்புவதற்குள் பந்து அங்கே வந்துவிடுகிறது, மூன்றாவது அவுட். ஆனால் ஜோன்ஸ் அதற்கு முன்பே தொட்டுவிட்டதால் அவர் ரன் செல்லும் என்று சொல்லிவிட்டு, இது ஃபோர்ஸ் அல்ல என்று ஒரு தனி வாக்கியத்தை விதிநூல் அழுத்திச் சொல்கிறது. நல்ல ஆசிரியர் ஒருவர், மாணவர்கள் எந்த இடத்தில் தவறுவார்கள் என்று தெரிந்து அந்த இடத்தில் கரும்பலகையைத் தட்டுவது போன்ற வாக்கியம் அது.

ஜோன்ஸ் முறைப்படி ஓடியவர். எங்கள் ஆட்டத்தில் மூன்றாம் பேஸ் பையன் அப்படி ஓடவில்லையே? இங்கேதான் இரண்டாவது விதி வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த விதியும் இதுதான். கேட்ச் பிடித்த பிறகு ரன்னர் தன் பேஸைத் திரும்பத் தொடாமல் போனது குற்றம்தான். ஆனால் அந்தக் குற்றத்தை அம்பயர் தாமாக அறிவிக்க மாட்டார். அவர் கண்ணால் பார்த்திருப்பார். மனத்தில் குறித்தும் வைத்திருப்பார். வாய் திறக்க மாட்டார். பந்தைத் தடுக்கும் அணி, பந்தோடு அந்த பேஸுக்குப் போய் அதை மிதித்து, இன்ன ரன்னர் சீக்கிரம் கிளம்பிவிட்டார் என்று முறையிட வேண்டும். அப்பீல் என்பது அதுதான். கையில் பந்தோடு போகிறபோக்கில் பேஸை மிதித்தால்கூட அது அப்பீல் ஆகாது என்று விதிநூல் சொல்கிறது. சொல்லாலோ ஐயத்துக்கு இடமில்லாத செயலாலோ கேட்க வேண்டும். அழுத பிள்ளைக்குத்தான் பால்.

ஏற்கெனவே மூன்று அவுட் ஆகிவிட்ட பிறகு எப்படி அப்பீல் கேட்பது? கேட்கலாம். அதைத்தான் 5.09 (சி) சொல்கிறது: 'நான்காவது அவுட்' போலத் தோன்றும் ஒன்றை அம்பயர் ஏற்றுக்கொள்ள வேண்டிய நிலை வரலாம். மூன்றாவது அவுட் விழுந்த அதே பந்தில் இன்னொரு ரன்னர்மீது அப்பீல் கேட்டு அது சரியென்று தீர்ப்பானால், அந்த அப்பீல் அவுட்டே முன்னுரிமை பெறும். அதாவது நான்காவது அவுட் வந்து மூன்றாவது அவுட்டின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. மூன்றாம் பேஸ் ரன்னரே அந்த இன்னிங்ஸின் மூன்றாவது அவுட் ஆகிவிட்டால் அவர் எடுத்த ரன் எங்கிருந்து நிற்கும்? அது அழிந்துவிடும். இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட அப்பீல்கள் இருந்தால் தனக்கு எது நன்மையோ அதைத் தேர்ந்துகொள்ளும் உரிமைகூடத் தடுக்கும் அணிக்கு உண்டு.

இந்த விதி சீக்கிரம் கிளம்பிய ரன்னருக்கு மட்டுமானதும் அல்ல. இரண்டு அவுட் ஆன நிலையில் ஒரு ரன் வந்த பிறகு வேறொரு ரன்னர் ஹோம் பிளேட்டில் மூன்றாவது அவுட் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்தை அடித்துவிட்டு ஓடிய பேட்டர் முதல் பேஸை மிதிக்காமலே தாண்டிப் போயிருந்தால், தடுக்கும் அணி அதை அப்பீல் கேட்டு, வந்துவிட்ட ரன்னையே இல்லாமல் ஆக்கிவிடலாம்.

இதற்கு ஒரு கெடு உண்டு. அரை இன்னிங்ஸை, அதாவது ஒரு அணி பேட் செய்யும் முறையை, முடித்த பந்தில் அப்பீல் கேட்பதென்றால், தடுக்கும் அணி மைதானத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் கேட்டுவிட வேண்டும். வெளியேறுவது என்றால் என்ன என்பதையும் விதிநூல் துல்லியமாகச் சொல்கிறது: பிட்சரும், பேஸ்களை ஒட்டி நிற்கும் உள்வட்டத்து ஆட்டக்காரர்கள் அனைவரும் தங்கள் இருக்கைகளை நோக்கி நடந்து, ஆடுகளத்தின் எல்லையான ஆட்டக்கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். அப்படியானால் அவர்களில் ஒரே ஒருவர் கோட்டுக்குள் நின்றாலும் கதவு இன்னும் மூடப்படவில்லை. அந்த இடங்களில் ஆடிய எங்கள் பிள்ளைகளில் ஒருவன், ஷூ நாடாவைக் கட்டுவதற்காகவாவது உள்ளே குனிந்திருந்தால், மேட்டில் கிடந்த பந்தை எடுத்து மூன்றாம் பேஸுக்குக் கொண்டுபோய் அந்த ரன்னை அழித்திருக்க முடியும். அன்று நான் மைதானத்தைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து வட்டம் வரைந்துகொண்டிருந்தேன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி நன்கு தெரிந்தது. மீதிப் பாதி நேர்மாறானது. கிரிக்கெட்டின் 31ஆம் விதிப்படியும் கேட்காமல் அம்பயர் அவுட் கொடுக்க முடியாது. பேட்ஸ்மேன் அவுட் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரிந்தாலும் தடுக்கும் அணி 'ஹவ் ஈஸ் தட்' என்று கேட்க வேண்டும். அடுத்த பந்துக்கு பவுலர் ஓடத் தொடங்கிவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஆனால் அங்கே ஒரே கூச்சலில் எல்லா வகை அவுட்டும் அடங்கிவிடுகிறது. பேஸ்பாலில் எந்த ரன்னர், எந்த பேஸ் என்று குறிப்பாகக் கேட்டாக வேண்டும். இன்னொரு வேறுபாடு இதைவிட ஆழமானது. கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்துவிட்டால் அந்தப் பந்தில் ஓடி முடித்த ரன்கள் எதுவும் கணக்கில் வராது. அந்தப் பழக்கம் என் இரத்தத்தில் ஊறியிருந்தது. கேட்ச் ஆன பந்தில் ரன்னா என்று அன்று என் மனம் திமிறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பின்னால் புரிந்துகொண்டேன்.

சிறுவர்கள்தான் தவறுவார்கள் என்றில்லை. 2009 ஏப்ரல் 12, பீனிக்ஸ் நகரம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியோடு ஆடியது. இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு அவுட். மூன்றாம் பேஸில் ஆந்த்ரே ஈதியர், இரண்டாம் பேஸில் ஹுவான் பியர். டாட்ஜர்ஸ் பிட்சர் ராண்டி வுல்ஃப் அடித்த பந்து நேராக எதிரணிப் பிட்சர் டேன் ஹேரனின் கைக்குப் போனது. அவர் அதை இரண்டாம் பேஸ்காரர் ஃபெலிப்பே லோபஸிடம் எறிந்தார். லோபஸ் பேஸை மிதித்திருந்தால் எல்லாம் அந்த நொடியே முடிந்திருக்கும். ஆனால் பியர் கண்ணெதிரே திகைத்து நின்றதால், அவரை நோக்கிச் சில அடிகள் நடந்துபோய்ப் பந்தால் தொட்டார். அந்தச் சில அடிகளுக்குள் ஈதியர் ஹோம் பிளேட்டைத் தாண்டிவிட்டார். மூன்று அவுட் ஆகிவிட்டது என்ற நிம்மதியில் அரிசோனாக்காரர்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.

டாட்ஜர்ஸ் பக்கத்தில் இதைக் கவனித்தவர் துணைப் பயிற்சியாளர் பாப் ஷேஃபர். அவர் மேலாளர் ஜோ டோரியிடம் சொல்ல, டோரி அம்பயர்களிடம் போனார். அம்பயர்கள் கூடிப் பேசி ரன்னை ஏற்றார்கள். ஆட்டம் 1-1 என்று சமநிலைக்கு வந்தது. டாட்ஜர்ஸ் கடைசியில் 3-1 என்று வென்றது. அரிசோனா அணியில் ஒருவர், ஒரே ஒருவர், பந்தோடு மூன்றாம் பேஸுக்குப் போயிருந்தால் போதும். தொழில்முறை ஆட்டக்காரர்கள், ஆண்டுக்கு 162 ஆட்டம் ஆடுகிறவர்கள், அவர்களுக்கே அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. இதைப் படித்த அன்று மகனை அழைத்துக் காட்டினேன். அவன் மூன்று முறை படித்துவிட்டு, லோபஸ் என்ற பெயரை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே இருந்தான்.

இதற்கு நேரெதிரான ஒரு கதை நூறாண்டுக்கு முன் நடந்தது. பேஸ்பால் ரசிகர்கள் அனைவருக்கும் தெரிந்த கதை. ஆனால் நான்காவது அவுட்டோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் முழு வடிவம் தெரிகிறது. 1908 செப்டம்பர் 4 அன்று பிட்ஸ்பர்க்கில் பத்தாவது இன்னிங்ஸில் வெற்றி ரன் வந்தது. முதல் பேஸில் இருந்த வாரன் கில் என்ற ரன்னர், ஆட்டம் முடிந்ததென்று இரண்டாம் பேஸைத் தொடாமலே திரும்பிவிட்டார். சிகாகோ கப்ஸ் அணியின் ஜானி எவர்ஸ் பந்தோடு இரண்டாம் பேஸை மிதித்து, இது ஃபோர்ஸ், மூன்றாவது அவுட், ஆகவே ரன் செல்லாது என்றார். அம்பயர் ஹாங்க் ஓ'டே, தாம் அதைப் பார்க்கவில்லை என்று மறுத்துவிட்டார். பிட்ஸ்பர்க் 1-0 என்று வென்றது.

பத்தொன்பது நாள் கழித்து, செப்டம்பர் 23, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ். அதே கப்ஸ், அதே எவர்ஸ், அதே ஓ'டே. ஜயன்ட்ஸ் அணியோடு 1-1 என்று ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பகுதி. இரண்டு அவுட்; மூன்றாம் பேஸில் மூஸ் மெக்கார்மிக், முதல் பேஸில் 19 வயது ஃப்ரெட் மெர்க்கிள். ஆல் பிரிட்வெல் அடித்த பந்து நடு எல்லைக்கு ஓடியது; மெக்கார்மிக் ஹோம் பிளேட்டைத் தொட்டார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. அதைப் பார்த்த மெர்க்கிள், அந்நாளைய வழக்கப்படி, இரண்டாம் பேஸுக்குப் போகாமல் உடைமாற்றும் அறையை நோக்கித் திரும்பிவிட்டார். எவர்ஸ் எப்படியோ ஒரு பந்தைத் தேடிப்பிடித்து இரண்டாம் பேஸில் போய் நின்றார். இம்முறை ஓ'டே கவனித்துக்கொண்டிருந்தார். அவுட் என்றார், ரன் ரத்து, ஆட்டம் டிரா. பருவத்தின் முடிவில் இரு அணிகளும் சமநிலையில் நிற்க, அக்டோபர் 8 அன்று நடந்த மறு ஆட்டத்தில் கப்ஸ் 4-2 என்று வென்று, அந்த ஆண்டின் உலகத் தொடரையும் வென்றது. மெர்க்கிளுக்கு 'முட்டாள்' என்ற பட்டப்பெயர் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது. அவர் செய்தது மற்றவர்கள் எல்லோரும் செய்துவந்ததுதான். கில் செய்தபோது அது தண்டிக்கப்படவில்லை.

மெர்க்கிளின் ஆட்டத்திலும் ரன்னர் ஹோம் பிளேட்டைத் தொட்டாயிற்று. ஈதியரின் ஆட்டத்திலும் தொட்டாயிற்று. இரண்டிலும் மூன்றாவது அவுட் அதற்குப் பிறகுதான் விழுந்தது. ஒன்றில் ரன் அழிந்தது, மற்றதில் நின்றது. பிரிட்வெல்லின் பந்து தரையில் விழுந்ததால் மெர்க்கிள் முன்னே போயே ஆக வேண்டியவர், அது ஃபோர்ஸ். வுல்ஃபின் பந்து தரையில் விழவே இல்லை. பியர் பின்னே திரும்ப வேண்டியவர். அது ஃபோர்ஸ் அல்ல. ஒரு பந்து மண்ணைத் தொட்டதா இல்லையா என்பதில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

ஜப்பானில் இந்த விதியைத் தெரிந்தே பயன்படுத்திய பள்ளி மாணவர் ஒருவர் உண்டு. 2012 ஆகஸ்டில் கோஷியென் மைதானத்தில் நடந்த தேசிய உயர்நிலைப் பள்ளிப் போட்டியில் குமமோட்டோவின் செய்செய்கோ பள்ளி, தொகுஷிமாவின் நருத்தோ பள்ளியோடு ஆடியது. ஏழாவது இன்னிங்ஸ், ஒரு அவுட், முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ரன்னர்கள். அடித்த பந்து நேராக, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் கைக்குப் போனது; அவர் முதல் பேஸுக்கு எறிந்து இரட்டை அவுட்டை முடித்தார். ஆனால் மூன்றாம் பேஸில் இருந்த மாணவர் திரும்பிப் பார்க்காமல் ஹோம் பிளேட்டுக்கு ஓடியிருந்தார். நருத்தோ மாணவர்கள் அப்பீல் கேட்காமல் உள்ளே போக, ரன் செல்லுபடியானது. செய்செய்கோ 3-1 என்று வென்றது. சிறுவயதில் படித்த 'டொகாபென்' என்ற பேஸ்பால் மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், இதே காட்சி வந்ததை அந்த மாணவர் நினைவில் வைத்திருந்தார். ஜப்பானில் பலர் இந்த விதியையே அந்த மங்காவின் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

அவர் தந்திரம் செய்தார் என்று சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் தன் அவுட்டைப் பணயம் வைத்து, எதிரணி விதியை அறிந்திருக்கிறதா என்று கேட்டார். அறிந்திருந்தால் அவர் ஓட்டம் வீண். எல்லோரும் பார்க்க, வெயிலில், ஒளிவுமறைவு இல்லாமல் கேட்கப்பட்ட கேள்வி அது.

2022 ஜூன் 29 அன்று வாஷிங்டனில் அதே கேள்வி மீண்டும் எழுந்தது. ஐந்தாவது இன்னிங்ஸில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் கேப்ரயன் ஹேய்ஸ் அடித்த பந்தை நேஷனல்ஸ் அணியின் முதல் பேஸ்காரர் ஜாஷ் பெல் பிடித்து, மூன்றாம் பேஸுக்கு எறிந்தார். இரண்டாம் பேஸிலிருந்து கிளம்பிய ரன்னர் அங்கே அவுட். அதற்குள் மூன்றாம் பேஸிலிருந்து ஜாக் சுவின்ஸ்கி ஹோம் பிளேட்டைத் தாண்டியிருந்தார். பந்து இருந்ததே மூன்றாம் பேஸ் பக்கம்தான்! அருகில் இருந்த அந்த பேஸைக் காட்டி அம்பயரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதுதான் மிச்சம், கேட்கவில்லை. பைரேட்ஸ் 8-7 என்று வென்றது.

இந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்று சொல்பவர்களின் வாதத்தையும் நான் மதிக்கிறேன். மூன்று அவுட் என்றால் முடிந்தது என்பது ஆட்டத்தின் அடிப்படை உறுதிமொழி. குற்றம் செய்த ரன்னருக்கு, மற்றவர்களின் மறதியால் பரிசு கிடைக்கக் கூடாது. அம்பயர் பார்த்திருந்தும் சும்மா இருப்பது நியாயமா என்று அவர்கள் கேட்கிறார்கள். கடைசிக் கேள்விதான் கனமானது. நான் நெடுநாள் யோசித்துப் பார்த்தேன். அம்பயர் தாமாகச் சொல்லத் தொடங்கினால், அந்த நொடியில் அவர் தடுக்கும் அணியின் பத்தாவது ஆளாகிவிடுகிறார். தொடாத பேஸைக் கண்டுபிடிப்பது, சீக்கிரம் கிளம்பிய காலைக் கவனிப்பது, இவையெல்லாம் பந்தைப் பிடிப்பது போலவே ஆடுபவர்களின் வேலை. பந்தைத் தவறவிட்டவருக்கு அம்பயர் எடுத்துக் கொடுப்பதில்லையே. நான்காவது அவுட் என்ற ஏற்பாடு இல்லாவிட்டால்தான் உண்மையான அநீதி நடக்கும்: வேறொரு ரன்னர் மூன்றாவது அவுட் ஆகிவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக, முறைகேடாக ஓடியவரைத் தட்டிக்கேட்க வழியே இல்லாமல் போய்விடும். கேட்பதற்கான கதவை, கடைசி ஆள் கோட்டைத் தாண்டும்வரை, விதி திறந்து வைத்திருக்கிறது.

மகனுக்கு இதையெல்லாம் அடுக்களை மேசையில் உப்பு டப்பாவையும் மூன்று தம்ளர்களையும் பேஸ்களாக வைத்துக் காட்டினேன். தம்ளர்களை நகர்த்தி நகர்த்தி அவனே கேள்வி கேட்டான். "அப்ப நான் மிதிச்சது தப்பாப்பா?" என்றான். தப்பில்லை, அது சரியான அவுட்தான், இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது, அவ்வளவுதான் என்றேன். அடுத்த பயிற்சி நாளில் அவன் பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னான். அவர் எங்களிடம் வந்து, தாமும் விதிநூலைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். கேட்ச் பிடித்து இரட்டை அவுட் ஆனால் மூன்றாம் பேஸுக்கும் ஒருமுறை எறிந்துவிட்டு வாருங்கள் என்று அன்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டங்களில் ஒன்றில் அதே போன்ற ஒரு நிலை வந்தது. உயர எழுந்த பந்தை எங்கள் அணி பிடித்தது. இரண்டாம் பேஸில் ஒரு ரன்னர் அவுட். அதற்குள் மூன்றாம் பேஸிலிருந்து ஒருவன் ஹோம் பிளேட்டைத் தாண்டியிருந்தான். மற்றவர்கள் நிழலை நோக்கி நடக்கத் தொடங்க, என் மகன் மட்டும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் பேஸுக்கு ஓடினான். அதை மிதித்து நின்று, அம்பயரைப் பார்த்து, அந்த ரன்னர் சீக்கிரம் கிளம்பிவிட்டான் என்று உரத்த குரலில் கேட்டான். பேஸ் அருகே நின்ற அம்பயர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். ரன்னர் முறைப்படி காத்திருந்துதான் கிளம்பியிருக்கிறான். மகன் தலையாட்டிவிட்டு, பந்தை மேட்டை நோக்கி உருட்டிவிட்டு, கோட்டைத் தாண்டி வெளியே வந்தான். அதுவரை தாளுக்கு மேலே பிடித்திருந்த பென்சிலை இறக்கி, அந்தச் சாய்சதுரத்தைக் கறுப்பாக்கினேன்.